ஆறும் எஃகின் வரலாறு: சேலத்து மூசை உருக்கும் நுண்கட்டமைப்பு அறிவியலும்

எஃகு என்பது இரும்பும் அதில் கரைந்த சிறிதளவு கார்பனும் சேர்ந்த உலோகம் என்னும் வரையறை சரியானதே ஆயினும், அந்த உலோகத்தின் இயல்பில் பாதியை மட்டுமே அது சொல்கிறது. உலோகத்தை உருக்கும் களிமண் கலமான மூசை ஒன்றிலிருந்தே எடுத்த, ஒரே அளவு கார்பன் கொண்ட இரண்டு துண்டுகளில் ஒன்றை உலைக்குள்ளேயே மெல்ல ஆறவிட்டு மற்றொன்றைச் செந்தணலாக இருக்கும்போதே நீரில் அமிழ்த்தினால், முன்னது அரத்துக்கு வசப்படும் மென்மையையும் பின்னது அரத்தையே வழுக்கச்செய்யும் கடினத்தையும் பெறுகின்றன. உலோகத்தினுள் அணுக்கள் எத்தகைய ஒழுங்கில் அடுக்கப்பட்டுள்ளன, எந்தப் படிகம் எந்த வடிவில் எங்கே அமைந்துள்ளது என்பதே இந்த வேறுபாட்டின் காரணம். கண்ணுக்குத் தெரியாத இந்த உள்ளமைப்பை நுண்கட்டமைப்பு என்றும், ஒரு படிக ஒழுங்கு மற்றொன்றாக மாறுவதை நிலைமாற்றம் என்றும் உலோகவியலார் குறிப்பிடுகின்றனர். தென்னிந்தியாவின் மூசை உருக்குத் தொழில் இந்த நிலைமாற்றங்களைப் பெயரிட்டு அறியாமலேயே பல நூற்றாண்டுகள் கையாண்டது. எஃகைச் செய்வதில் உருக்குதல் எவ்வளவு முக்கியமோ ஆறவைத்தலும் அவ்வளவு முக்கியம் என்பதை ஐரோப்பிய அறிவியல் உணர்ந்துகொண்ட நெடிய பயணத்தில், இந்தத் தொழில் விளைவித்த சிறு உருக்குக் கட்டிகளுக்கும் ஓர் இடம் உண்டு.

இத்தொழிலின் தொன்மைக்குத் தமிழகத்தில் மண்ணே சான்று தருகிறது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றின் கரையில் உள்ள கொடுமணலில் 1980களில் தொடங்கிய அகழாய்வுகள், சங்ககாலத்தைச் சேர்ந்த இரும்பு உலைகளையும், மூசைகளை வைத்துச் சூடேற்றிய உலையின் எச்சங்களையும் வெளிப்படுத்தின. முன்னாள் தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த மேல்சிறுவள்ளூரில் குவிந்துகிடந்த மூசை ஓடுகளை ஆராய்ந்த சாரதா சீனிவாசன், அவற்றின் உட்புறத்தில் ஒட்டியிருந்த உலோகத் துணுக்குகள் மிகுகார்பன் எஃகின் நுண்கட்டமைப்பைக் காட்டுவதை 1990களில் வெளியிட்டார். தெலங்கானாவின் கோனசமுத்திரத்துக்கு உருக்கு வாங்குவதற்காக ஈரானின் இஸ்ஃபஹானிலிருந்து வணிகர் வந்திருந்ததை 1820களில் அவ்வூரைக் கண்ட ஹென்றி வாய்சி பதிவுசெய்தார். இலங்கையில் மூசை உருக்குச் செய்முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நினைவில் இருந்தது. ஆனந்த குமாரசாமி 1908இல் வெளியிட்ட நூலில் அதற்கு இடமளித்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அரபு அறிஞர் அல்-கிந்தி சரந்தீபு எனப்பட்ட இலங்கையின் எஃகைக் குறிப்பிடுவதால், இந்த நிலப்பரப்பு முழுவதும் ஒரு பெரும் வணிகத்தோடு பிணைந்திருந்தது தெளிவாகிறது.

சேலம் வட்டாரத்தில் நிலவிய செய்முறையை, மதராஸ் அரசுப் பணியிலிருந்து விலகி இரும்புத் தொழிலில் இறங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத் 1830களில் விரிவாக விவரித்தார். கஞ்சமலை போன்ற குன்றுகளில் கிடைக்கும் காந்தத் தாது குவார்ட்ஸ் கல்லோடு கலந்திருந்ததால், அதை இடித்து, புடைத்தோ நீரில் அலசியோ கல்லை நீக்கி, மரக்கரியோடு சிறு களிமண் உலையில் இட்டுத் துருத்தியால் ஊதினர். அந்த உலையின் வெப்பம் இரும்பை உருக்கப் போதாது. தாதுவிலுள்ள ஆக்சிஜன் நீங்கி, கசடு கலந்த பஞ்சுத்தன்மையுள்ள இரும்புக் கட்டி மட்டுமே கிடைத்தது. அதைச் சம்மட்டியால் அடித்துக் கசடை வெளியேற்றிய பின், சிறு துண்டுகளாக நறுக்கி, கரியாக்கிய நெல் உமி கலந்த களிமண்ணால் செய்த மூசையில் நெருக்கமாக அடுக்கினர். இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் காய்ந்த ஆவாரைக் கட்டையைச் சேர்த்து, மேலே எருக்கு போன்ற செடியின் பச்சை இலை ஒன்றிரண்டை மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்தனர். இவ்வாறு அமைத்த 20 முதல் 24 மூசைகளை உலையில் வளைவாகக் கட்டி, மரக்கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதியபோது, கட்டையிலிருந்து பிரிந்த கார்பன் இரும்பில் கலந்தது. தூய இரும்பு 1538 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஒன்றரை விழுக்காடு கார்பன் கலந்துவிட்டால் அது உருகுவதற்கு வேண்டிய வெப்பம் ஏறத்தாழ நூறு டிகிரி குறைகிறது. மரக்கரி உலை எட்டக்கூடிய எல்லைக்குள் எஃகு முழுமையாக நீர்மமானதும், கசடு மேலே மிதந்து பிரிந்ததும் இதனால்தான்.

ஊதுவதை நிறுத்தியபின், ஹீத்தின் விவரிப்புப்படி, மூசைகள் உலையிலிருந்து எடுக்கப்பட்டு ஆறவிடப்பட்டன. ஆறிய மூசையை உடைத்தே கட்டியை எடுத்தனர். தடித்த களிமண் சுவர் வெப்பம் விரைந்து வெளியேறுவதைத் தடுத்ததால், கட்டி மெல்லக் குளிர்ந்தது. அந்த மெதுவான குளிர்வின்போது எஃகினுள் மூன்று மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன. முதலாவது உறைதல்: நீர்ம எஃகில் கிளைவிட்டு வளரும் படிகங்கள் தோன்றி, அவை பரவும்போது கார்பனையும் பாஸ்பரஸ், வனேடியம் போன்ற சிறு அளவு மாசுகளையும் கிளைகளுக்கு இடையே எஞ்சிய நீர்மத்துக்குள் தள்ளின. இவ்வாறு உறைந்த படிகம் ஆஸ்டினைட் எனப்படுகிறது. இதில் இரும்பு அணுக்கள் கனசதுரத்தின் மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் அமைந்திருப்பதால், அவற்றின் இடைவெளிகளில் கார்பன் அணுக்கள் எளிதாகத் தங்க முடிகிறது. 1148 டிகிரியில் 2.1 விழுக்காடு வரை கார்பனை இது தன்னுள் கரைத்து வைத்திருக்கும்.

இரண்டாவது மாற்றம் திண்ம நிலையிலேயே நிகழ்வது. வெப்பம் குறையக் குறைய ஆஸ்டினைட் தாங்கக்கூடிய கார்பனின் அளவும் குறைந்து, சர்க்கரைப் பாகு ஆறும்போது கரைந்திருந்த சர்க்கரை கற்கண்டாகப் பிரிந்து வருவது போல, மிகுதியான கார்பன் இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்னும் கடினமான, நொறுங்கும் சேர்மமாகப் பிரிகிறது. மூன்று இரும்பு அணுக்களுக்கு ஒரு கார்பன் அணு என்ற கணக்கில் அமைந்த இந்தச் சேர்மம், ஆஸ்டினைட் படிகத்துகள்களின் எல்லைகளில் வலைபோல் படர்கிறது. ஒன்றரை விழுக்காடு கார்பன் உள்ள எஃகில் இது ஏறத்தாழ ஆயிரம் டிகிரி அளவில் தொடங்கி, முடியும்போது மொத்த எடையில் எட்டில் ஒரு பங்காகிறது. மூன்றாவது மாற்றம் 727 டிகிரியில் நிகழ்கிறது. அந்நிலையில் எஞ்சிய ஆஸ்டினைட்டில் 0.77 விழுக்காடு கார்பன் இருக்கும். அது அதற்குக் கீழே நிலைத்திருக்க இயலாமல், கார்பனை ஏறத்தாழ முற்றிலும் விலக்கும் ஃபெரைட்டும் சிமென்டைட்டும் மாறிமாறி அடுக்கிய மெல்லிய தகடுகளாகப் பிரிகிறது. ஃபெரைட் என்பது கனசதுரத்தின் மூலைகளிலும் மையத்திலும் அணுக்கள் கொண்ட மென்மையான இரும்பு. இரண்டும் அடுக்கிய இவ்வமைப்பு பியர்லைட் எனப்படுகிறது. மேல்சிறுவள்ளூர் மூசையில் எஞ்சியிருந்த துணுக்குகள் காட்டுவதும் பியர்லைட்டைச் சூழ்ந்த சிமென்டைட் வலையையே.

எல்லைகளில் தொடர்ச்சியாகப் படர்ந்த சிமென்டைட் வலை கட்டிக்குக் கடினத்தைத் தந்தாலும், அடியின் கீழ் விரிசல் ஓடுவதற்கு வழியும் அமைத்துக் கொடுத்தது. அந்தக் குறையை உருக்கு செய்வோர் அறிந்திருந்தனர் என்பதை அவர்களது அடுத்த செயல் காட்டுகிறது. சேலத்தில் கட்டியை நீட்டுவதற்கு முன், அதை உருகும் நிலைக்குச் சற்றே குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்துத் துருத்திக் காற்று படும்படி புரட்டியதாக ஹீத் எழுதுகிறார். இதனால் மேற்பரப்பின் மிகுகார்பன் எரிந்து நீங்கியது. கோனசமுத்திரத்தில் கட்டிகளைக் களிமண்ணால் பொதிந்து, மணிக்கணக்கில் சூடேற்றி ஆறவிட்டு, தட்டி நீட்டும் பதம் வரும்வரை அதையே திரும்பச் செய்தனர். 727 டிகிரிக்கு மேலும் கீழும் எஃகை ஏற்றி இறக்கினால் தகடாகவும் வலையாகவும் உள்ள சிமென்டைட் துண்டுபட்டு உருண்டைகளாகத் திரளும் என்பது இன்றைய உலோகவியலின் பாடம். அதன் பயனை, அதாவது நொறுங்கும் கட்டி நீளும் கட்டியாவதை, அத்தொழிலாளர் சம்மட்டியின் வழியே அறிந்திருந்தனர்.

இக்கட்டிகள் ஈரானிலும் மேற்காசியாவிலும் வாள்களாக அடிக்கப்பட்டபோது, அமிலம் பூசிய அலகின்மேல் நீரோட்டம் போன்ற கோடுகள் தோன்றின. ஐரோப்பியர் அவற்றை டமாஸ்கஸ் வாள்கள் என அழைத்தனர். இந்த எஃகை அடித்து வடிவமைக்கக்கூடிய வெப்ப எல்லை மிகக் குறுகியது. மெல்லிரும்புக்குப் பழகிய கொல்லர் அதை வெண்சூட்டுக்குக் கொண்டுசென்றால் கார்பனும் பாஸ்பரஸும் செறிந்த பகுதிகள் உருகத் தொடங்கிக் கட்டி சிதறிவிடும். செந்தணல் நிலையில் பொறுமையாக அடித்தால்தான் அது இணங்கும். ஐரோப்பியக் கொல்லர் பலருக்கு இது கைவராததும், இந்த உருக்கு அங்கே வியப்புக்கும் ஆராய்ச்சிக்கும் பொருளானதற்கு ஒரு காரணம்.

பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் 1794இல் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பிய கட்டிகளை ஜார்ஜ் பியர்சன் ஆராய்ந்து 1795இல் கட்டுரை வெளியிட, இந்த உருக்குக்கு 'வூட்ஸ்' என்னும் பெயர் ஐரோப்பிய அறிவியல் ஏடுகளில் நிலைபெற்றது. எஃகின் தன்மை கார்பனால் விளைவது என்று பிரெஞ்சு அறிஞர்கள் 1786இல் விளக்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த அக்காலத்தில், எந்த உலோகத்தின் சிறப்பையும் அதன் சேர்மானத்தில் தேடுவதே வேதியியலாரின் வழக்கமாக இருந்தது. சாதாரண எஃகைவிட வூட்ஸில் கார்பன் மிகுதி என டேவிட் முஷெட் 1805இல் சரியாகவே கண்டார். கொல்லரின் மகனாகப் பிறந்த மைக்கேல் ஃபாரடே 1819இல் அதைப் பகுத்தாய்ந்து, பின்னர் கத்தி செய்வோரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் முதலியவற்றை எஃகில் கலந்து, அதற்கு ஈடான பொருளைச் செய்ய முயன்றார். அந்த முயற்சி வூட்ஸின் இரகசியத்தைத் தரவில்லை எனினும், கலப்பு எஃகு பற்றிய முறையான ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கமாயிற்று.

கேள்வியைச் சேர்மானத்திலிருந்து குளிர்வை நோக்கித் திருப்பியவர், பாரிஸ் நாணயச்சாலையில் பணியாற்றிய ழான்-ரோபேர் ப்ரேயான். 1820களில் அவர் செய்த எண்ணற்ற உருக்குச் சோதனைகளின் முடிவில், அலகின் கோடுகள் வேற்று உலோகத்தால் வருபவை அல்ல என்றும், கார்பன் மிகுந்த எஃகு மெல்லக் குளிரும்போது வெவ்வேறு கார்பன் அளவுள்ள இரு பொருள்கள் தனித்தனியாகப் படிகமாவதால் விளைபவை என்றும் கருதினார். உரால் மலைப்பகுதியின் ஸ்லாட்டஊஸ்டில் பவெல் அனோசவ் 1831இல் மெருகிட்டு அமிலம் பூசிய எஃகை நுண்ணோக்கியில் பார்த்ததும், தாம் செய்துகண்ட கோட்டெஃகைப் பற்றி 1841இல் நூல் எழுதியதும் அதே பாதையின் அடுத்த அடிகள். தென்னிந்தியக் கட்டி எழுப்பிய கேள்விக்கு விடை அதன் உள்ளமைப்பில் இருக்கிறது என்ற எண்ணம் இவ்வாறு வேர்கொண்டது.

நுண்கட்டமைப்பின் அறிவியல் முழு வடிவம் பெறுவதற்குப் பிற தேவைகளும் துணைசெய்தன. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஒபுகோவ் ஆலையில் பீரங்கிகள் வெடித்துச் சிதறியதன் காரணத்தை ஆராய்ந்த திமித்ரி செர்னோவ், எஃகைக் குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்கு மேல் சூடேற்றாவிட்டால் எவ்வளவு விரைவாகக் குளிர்வித்தாலும் அது கடினமாகாது என்றும், மற்றொரு வெப்பநிலையைத் தாண்டினால் அதன் படிகத்துகள்கள் புதிதாக அமைகின்றன என்றும் 1868இல் அறிவித்தார். வில்லியம் பாரெட் 1873இல், சூடேற்றிய இரும்புக் கம்பி ஆறி மங்கிவரும்போது ஒரு கட்டத்தில் திடீரென மீண்டும் ஒளிர்வதைக் கண்டார். ஆஸ்டினைட் பியர்லைட்டாக மாறும்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பமே அந்த ஒளிக்குக் காரணம். லெ ஷாட்லியே உருவாக்கிய பிளாட்டினம்-ரோடியம் வெப்ப இரட்டையைக் கொண்டு ஃப்ளோரிஸ் ஆஸ்மோன் 1887 முதல் குளிர்வு சற்றே தடைபடும் இத்தகைய நிறுத்தப் புள்ளிகளைத் துல்லியமாக அளந்து, திண்ம இரும்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட படிக நிலைகள் உண்டு என்பதை நிறுவினார்.

மறுபுறம், ஷெஃபீல்டில் ஹென்றி கிளிஃப்டன் சார்பி 1863-64இல் மெருகிட்டு அமிலம் பூசிய இரும்பையும் எஃகையும் நுண்ணோக்கியில் ஆராயத் தொடங்கி, 1880களில் உயர்ந்த உருப்பெருக்கத்தில், முத்தின் மினுமினுப்பு கொண்ட ஒரு பகுதி மெல்லிய தகடுகளின் அடுக்கே என்று கண்டார். பியர்லைட் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. ஆஸ்டினைட் என்ற பெயர் லண்டன் நாணயச்சாலையின் வேதியியலார் ராபர்ட்ஸ்-ஆஸ்டினையும், விரைந்து குளிர்ந்த எஃகின் கடின அமைப்பான மார்ட்டென்சைட்டின் பெயர் ஜெர்மனியின் அடால்ஃப் மார்ட்டென்ஸையும் சிறப்பிக்க வைக்கப்பட்டவை. ராபர்ட்ஸ்-ஆஸ்டின் 1897இல் எந்தக் கார்பன் அளவில், எந்த வெப்பநிலையில், எந்த நிலை நிலவும் என்பதைக் காட்டும் இரும்பு-கார்பன் வரைபடத்தை வரைந்தார். டச்சு வேதியியலார் பாக்ஹுயிஸ் ரூஸெபூம் 1900இல் கிப்ஸின் நிலைவிதியைக் கொண்டு அதைத் திருத்தினார். சேலத்துக் கட்டி மூசைக்குள் மெல்ல ஆறியபோது கடந்துவந்த மூன்று மாற்றங்களும் கோடுகளாக எழுதப்பட்டது அந்த வரைபடத்தில்தான்.

ஆயினும் அந்த வரைபடம் மெதுவான குளிர்வை மட்டுமே சொல்கிறது. காலத்துக்கு அதில் இடமில்லை. அரிவாளையும் உளியையும் செந்தணலில் எடுத்து நீரில் முக்கும் கொல்லுப்பட்டறைத் தோய்ச்சலில் நிகழ்வது வேறு. விரைந்த குளிர்வில் கார்பன் அணுக்கள் இடம்பெயர நேரமின்றிச் சிக்கிக்கொள்ள, 0.8 விழுக்காடு கார்பன் உள்ள எஃகில் 200 டிகிரிக்குச் சற்று மேலே ஆஸ்டினைட் படிகம் ஒட்டுமொத்தமாகச் சரிந்து, நீண்டு திரிந்த கனசதுர அமைப்புள்ள மார்ட்டென்சைட்டாகிறது. இதுவே கூர்முனையின் கடினம். இந்த மாற்றத்தில் பருமன் கூடுவதால் பொருள் விரிசலிட வாய்ப்புண்டு. ஆகவே கொல்லர் அதை மீண்டும் இளஞ்சூட்டில் காட்டிப் பதப்படுத்துகின்றனர். அமெரிக்காவில் டேவன்போர்ட்டும் எட்கர் பெய்னும் மெல்லிய எஃகுத் துண்டுகளை உருகிய உலோகத் தொட்டியில் வெவ்வேறு வெப்பநிலைகளில், வெவ்வேறு கால அளவுகளில் நிறுத்திவைத்து ஆராய்ந்து, காலத்தையும் கணக்கில் கொண்ட மாற்ற வரைபடங்களை 1930இல் வெளியிட்டனர். பியர்லைட்டுக்கும் மார்ட்டென்சைட்டுக்கும் இடைப்பட்டதாக அவர்கள் கண்ட ஊசிவடிவ அமைப்பு பின்னர் பெய்னைட் எனப் பெயர்பெற்றது.

அறிவியல் இவ்வாறு வளரத் தொடங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, அதற்குத் தூண்டுகோலாக இருந்த தொழில் அழிந்தது. ஹீத் பரங்கிப்பேட்டையில் 1830களில் நிறுவிய ஐரோப்பிய முறை இரும்பாலை நெடுங்காலம் இழப்பிலேயே நடந்து மூடப்பட்டது. இங்கிலாந்திலிருந்து மலிவான இரும்பு வந்து குவிந்ததும், 1856இல் வந்த பெஸ்ஸமர் முறை எஃகைப் பெருமளவில் மலிவாக்கியதும், மதராஸ் வனச்சட்டம் 1882இல் மரக்கரிக்கான காடுகளை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்ததும் சேர்ந்து சிற்றூர் உலைகளை அணைத்தன. உருக்கு செய்த குடும்பங்கள் வேறு பிழைப்பை நாடியபோது, எந்தச் சூட்டில் ஊதலை நிறுத்துவது, எவ்வளவு நேரம் ஆறவிடுவது என்ற கைப்பழக்க அறிவு எழுத்தில் ஏறாமலேயே மறைந்தது. இது தமிழகத் தொழில் வரலாற்றின் பெரும் இழப்புகளில் ஒன்று.

அந்த அறிவின் ஒரு பகுதியை மீட்டெடுக்க இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க நேர்ந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஓலெக் ஷெர்பியும் ஜெஃப்ரி வாட்ஸ்வொர்த்தும் மிகுகார்பன் எஃகில் சிமென்டைட்டை நுண்ணிய உருண்டைகளாக்கினால், தக்க சூட்டில் அது அசாதாரணமாக நீளும் என்று காட்டினர். அயோவா மாநிலப் பல்கலைக்கழக உலோகவியலார் ஜான் வெர்ஹோவனும் கத்திக் கொல்லர் ஆல்ஃபிரட் பென்ட்ரேயும் சேர்ந்து மூசையில் உருக்கி, பழைய வாள்களின் கோடுகளை மீண்டும் உருவாக்கி, அதன் காரணத்தை 1998இல் விளக்கினர். உறையும்போது கிளைப்படிகங்களுக்கு இடையே ஒதுங்கும் வனேடியம் போன்ற மாசு ஒரு விழுக்காட்டின் ஆயிரத்தில் சில பங்கு என்னும் அற்ப அளவில் இருந்தாலும், திரும்பத் திரும்பச் சூடேற்றி ஆறவிடும்போது சிமென்டைட் உருண்டைகள் அந்த வரிகளிலேயே பெருத்து நிலைத்து, அலகில் கோடுகளாகின்றன. உறைதலில் தொடங்கி இறுதி அடி வரையிலான வெப்ப வரலாறு முழுவதையும் அந்தக் கோடுகள் பதிவுசெய்து வைத்திருந்தன. குறிப்பிட்ட தாதுவில் இருந்த அந்த மாசு கிடைக்காமற்போனதும் கோட்டெஃகின் மறைவுக்குக் காரணமாகலாம் என்பது அவர்களின் கருத்து.

பெயரும் வரைபடமும் ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் பிறந்தவை என்பதில் ஐயமில்லை. அவற்றின் பெருமையைக் குறைக்க வேண்டிய தேவையும் இல்லை. அதே வேளையில், தென்னிந்திய உருக்கு மரபை எருக்கிலை, ஆவாரை என்னும் பொருள்களின் பட்டியலாக மட்டும் நினைவுகொள்வது, 1790களின் வேதியியலார் செய்த தவறையே மீண்டும் செய்வதாகும். அம்மரபின் உயிர், மூசையின் சுவர் தடிமனிலும், மூசையை ஆறவிட்ட பொறுமையிலும், கட்டியை மீண்டும் மீண்டும் பதப்படுத்திய முறையிலும் இருந்தது. கொடுமணலிலும் மேல்சிறுவள்ளூரிலும் இன்னும் எத்தனையோ ஊர்ப்புறங்களிலும் கிடக்கும் மூசை ஓடுகளிலும் கசடுகளிலும் அந்தக் குளிர்வின் சுவடு நுண்கட்டமைப்பாக உறைந்திருக்கிறது. உழவும் கட்டுமானமும் அவற்றைக் கலைத்துவிடுவதற்கு முன், ஊர்தோறும் தொகுத்து, இடம் குறித்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் படிப்பதே, எழுத்தில் வராத அந்தத் தொழிலறிவை வரலாற்றில் சேர்ப்பதற்குத் தமிழகத்திடம் எஞ்சியுள்ள உறுதியான வழி.